எடையைத் தின்ற இடது கண்

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட, காலை மடக்கிக்கொண்டு, முடிந்தால் பக்கத்து ஆள் முழங்கையையும் பிடித்துக்கொண்டு, ஏனென்றால் இந்தக் கதையில் பாதி சங்கதி காற்றில் மிதக்கிற சங்கதி, எட்ட உட்கார்ந்தால் உங்கள் காதுக்கு வந்து சேர்வதற்குள் அது வேறு பக்கம் பறந்துவிடும், அப்புறம் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

எருக்கலம்பேட்டை என்று ஒரு ஊர். விடிந்தால் அங்கே வெங்காய லாரி, பொழுது அடைந்தால் வெங்காய லாரி, கல்யாணப் பெண்ணின் பட்டுச் சேலையிலும் வெங்காய வாசம், சாமி கழுத்து மாலையிலும் வெங்காய வாசம், அந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் போய் அழுதால்தான் அது துக்கம், உள்ளூரில் அழுதால் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. அந்த ஊர் மண்டியில் மூட்டை தூக்குகிற லோடுமேன்களில் ஒருத்தன் சின்னாண்டி. அவன் பெண்டாட்டி பவுனுத்தாய் அதே மண்டியில், வாசல் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து சாக்குத் தைக்கிறவள், கோணி ஊசியும் சணல் நூலும் அவள் விரலோடு பிறந்த மாதிரி இருக்கும், பேச்சும் அப்படித்தான், நீளமாக இழுக்க மாட்டாள், குத்தி எடுத்துவிட்டு அடுத்த தையலுக்குப் போய்விடுவாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, கோபிகா. பிறந்த புதிதில் எல்லாக் கைக்குழந்தையின் கண்ணும் அலைகிற மாதிரி அவள் கண்ணும் அலைந்தது, ஆனால் மற்ற பிள்ளைகளுக்கு மூணு நாலு மாசத்தில் அடங்கிப்போகிற அலைச்சல் இவளுக்கு அடங்கவில்லை, வலது கண் நேரே பார்க்கப் பழகிக்கொண்டது, இடது கண் மட்டும் மூக்கோரமாகப் போய் ஒண்டிக்கொண்டது. பார்க்க வந்த சனமெல்லாம் நெட்டி முறித்து, "மாறுகண்ணு பவுனு, அதிர்ஷ்டம், வேற யாருகிட்டயும் காட்டித் தொலைச்சிராத" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரே சொல்லும்போது தாய்க்காரி என்ன செய்வாள், கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துவிட்டு அவளும் நம்பினாள்.

அந்த அதிர்ஷ்டம் பிள்ளை நடக்கப் பழகின வயதில் வந்தது. பவுனுத்தாய் பிள்ளையை மரத்தடியில் உட்கார வைத்து, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வலது கண் முறுக்கைப் பார்த்தது. இடது கண், அது பாட்டுக்கு, லாரிக்கு மூட்டை சுமந்துபோன அப்பனைப் பார்த்தது. பார்த்த அந்த நொடியில் சின்னாண்டி முதுகில் இருந்த மூட்டை அப்பளக் கட்டு மாதிரி ஆகிவிட்டது, கனத்துக்காகக் காலை ஊன்றி முன்னால் வளைந்து நடந்தவன் கனம் இல்லாமல் போனதும் நிற்க முடியாமல் ஓடி, பலகையில் ஏறி, லாரியின் அந்தக் கடைசியில் போய் முட்டி விழுந்தான். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "புள்ள பாத்துருச்சு போல" என்றான். அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான். மற்ற லோடுமேன்களும் அவ்வளவுதான், வரிசையாக வந்து, தங்கள் மூட்டை மேலும் பிள்ளையின் இடது கண் படுகிறதா என்று நின்று பார்த்துத் தூக்கினார்கள்.

இடது கண் எது மேல் விழுகிறதோ அதற்குக் கனம் கிடையாது, இதுதான் விஷயம். ஏன் என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை, வெயில் ஏன் அடிக்கிறது என்று அவர்கள் எந்தக் காலத்தில் கேட்டார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் கேட்டார்கள். வலது கண்ணுக்கு ஒரு முறுக்கைக் காட்டினால் இடது கண் அதற்குப் பக்கவாட்டில் எங்கேயோ போய் விழும், அந்த எங்கேயோ எங்கே என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கலை, அதற்காக லோடுமேன்களில் ஒருத்தன் முறுக்குப் பிடிக்கிறவனாகவே ஆகிவிட்டான். "முறுக்கக் கொஞ்சம் கெழக்கால தள்ளு." "போதுமா?" "இல்லடா, இப்ப மூட்டைய விட்டுட்டு மேஸ்திரி மேல விழுது, மேஸ்திரி எந்திரிக்கிறாரு பாரு." மேஸ்திரி வீரபுத்திரன் தொந்தியும் தானுமாக நாற்காலியை விட்டு ஒரு சாண் உயர்ந்து, வெற்றிலையை மென்றபடி, "எறக்குங்கடா" என்பார். முறுக்கை மேற்கே நகர்த்துவார்கள், அவர் இறங்குவார்.

தைலக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு முறுக்குக் கடை போட்டார். தராசு இருக்கிற இடத்துக்கு மட்டும் படுதா கட்டினார்கள், ஏனென்றால் பிள்ளை ஒரு தடவை தராசைப் பார்த்து, ஒரு வண்டி வெங்காயம் ஒன்றுமே இல்லை என்று காட்டிவிட்டது, விளைவித்து விற்க வந்த சம்சாரி அங்கேயே உட்கார்ந்து அழுதார், அது வெங்காயத்துக்காக அழுத அழுகை இல்லை. சேற்றில் புதைந்த எருமையை ஒருத்தி வாலைப் பிடித்துக் கைப்பையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தாள். திருவிழாவில் சப்பரத்தை இழுக்க ஆள் தேடவில்லை, கோபிகாவை ஒரு ஆள் தோளில் உட்கார வைத்தார்கள், சப்பரம் தானாக முன்னால் போக, சாமி கொஞ்சம் வேகமாகப் போகிறார் என்று பூசாரி பின்னாலேயே ஓடினார். மாசமாக இருந்த பெண்கள் சாயங்காலமானால் வேப்பமரத்தடியில் வந்து வரிசையாக நின்று, "பாப்பா, சித்த நேரம் எங்களப் பாருடி" என்று கேட்டு, கால் வீக்கம் வடிய, சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்புவார்கள்.

அதைப் பார்த்துத்தான் மண்டி முதலாளி அரசப்பனுக்கு யோசனை வந்தது. மூட்டைக்குத்தான் கூலி, மூட்டைக்குக் கனம் இல்லை, அப்புறம் மூட்டை ஏன் இவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும். சாக்கைப் பெரிதாகத் தைக்கச் சொன்னார். அடுத்து இன்னும் பெரிதாக. ஒரு ஆள் நின்றால் மூழ்குகிற சாக்கு, அதில் கழுத்துவரை வெங்காயம். லோடுமேன்கள் அதையும் பூக்கூடை மாதிரித் தூக்கிப் போட்டார்கள், சீட்டியடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால், சில பேர் மீசையைத் தடவிக்கொண்டே.

இப்படி இருக்கிறபோது கோபிகாவுக்கு அஞ்சு வயது தாண்டி, அங்கன்வாடி டீச்சர் ஒருநாள் பவுனுத்தாயிடம் வந்து, "இவ படம் வரையறப்ப தலைய ஒரு பக்கமாச் சாச்சுத்தான் வரையறா, டம்ளர எட்டி எடுக்கறப்ப பக்கத்துல இருக்கற காத்தப் பிடிக்கறா, பள்ளிக்கூடத்துல கண்ணு முகாம் போடறாங்க, கூட்டிட்டு வாங்க" என்று சொன்னாள். காற்றைப் பிடிக்கிறாள் என்ற சொல் பவுனுத்தாய்க்குள் ஊசி மாதிரி இறங்கியது. யாரிடமும் சொல்லாமல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

முகாமில் ஊர்ப் பிள்ளையெல்லாம் இருந்தது. டாக்டர் ஷெரின் என்று ஒரு அம்மா, தூக்கம் இல்லாத முகம், ஆனால் சிரிக்கிற வாய். கண்ணில் ஓயாமல் தண்ணீர் வடிகிற கைக்குழந்தைக்கு, மூக்கும் கண்ணும் சேருகிற மூலையில் சுண்டுவிரலை வைத்துக் கீழ்நோக்கி நீவிக் காட்டி, "இப்படித் தெனம் செய்ங்க, பெரும்பாலும் வயசு ஒண்ணு ஆகறதுக்குள்ள தானாத் தெறந்துக்கும், தாய்ப்பாலக் கண்ணுல பீச்சாதீங்க, பால் வாய்க்குத்தான்" என்றார். கண் சிவந்து பீளை கட்டின பையனிடம், "உன் துண்டு உனக்கு மட்டும், உன் தங்கச்சிக்கு இல்ல" என்றார். இமையில் கட்டி வந்தவளுக்கு வெந்நீர்த் துணி ஒற்றடம். போட்டோவில் பிள்ளையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்ததே என்று தயங்கித் தயங்கிக் கேட்ட ஒருத்தியை மட்டும், மேலே பேசவே விடாமல், இது உசிரு சமாச்சாரம் என்று பிள்ளையோடு அந்த நிமிஷமே வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

கோபிகா முறை வந்தது. டாக்டரம்மா பிள்ளையின் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினார், பிள்ளை முறுக்கைத் தின்றுகொண்டிருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. வலது கண்ணை மூடினார். உடனே பிள்ளை வீறிட்டு அந்தக் கையைப் பிடித்துத் தள்ளியது, தள்ளும்போது இடது கண் டாக்டரம்மா மேல் விழ, அவர் ஸ்டூலை விட்டு மேலே கிளம்பினார். ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டார், மறு கையால் டார்ச்சை அடித்துப் பார்த்து முடித்தார். அப்புறம் இறங்கினார்.

"இந்தக் கண்ணு கெட்டுப்போகலம்மா, தூங்குது. தூரப் பார்வைக் கோளாறு நெறைய இருக்கு, உள்பக்கமா இழுத்துக்கிட்டதும் அதனாலதான். ரெண்டு கண்ணும் ரெண்டு எடத்தப் பாத்தா மூளைக்குக் குழப்பம், அதனால இந்தக் கண்ணக் கூப்பிடறதையே விட்டுடுச்சு. கூப்பிடாத கண்ணு பாக்க மறந்துடும்."

"இப்பக் கூப்பிட்டா வருமா டாக்டரம்மா?"

"வரும். கண்ணாடி போடணும். அதோட நல்ல கண்ண, நல்லாக் கேளுங்க, நல்ல கண்ண, தெனம் கொஞ்ச மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடணும். அப்பத்தான் தூங்கறது எந்திரிக்கும். ஏழு எட்டு வயசுக்குள்ள செய்யணும், அதுக்கு மேல பெரும்பாலும் எவ்வளவு கூப்பிட்டாலும் எந்திரிக்காது. நான் சொல்ற தேதிக்கெல்லாம் கூட்டிட்டு வந்து காட்டணும், எவ்வளவு நேரம் மூடறதுன்னு நான்தான் சொல்லுவேன், இல்லன்னா நல்ல கண்ணும் சோம்பிப்போயிடும்."

"மாறுகண்ணு அதிர்ஷ்டம்னு ஊருல சொல்றாங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "யாருக்கும்மா?" என்று கேட்டார்.

பவுனுத்தாய் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி அவள் கூடவே நடந்து வந்தது.

சேதி மண்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் லோடுமேன்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், சின்னாண்டியே அவர்களுக்கு நடுவில்தான் நின்றான், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல். வீரபுத்திரன் தொண்டையைச் செருமினார். "தாயி, எம் முதுகப் பாத்திருக்கியா, மூணு எடத்துல வெலகின முதுகு. இந்தப் புள்ள பாக்கலேன்னா இன்னைக்கு நான் கட்டில்லதான். கண்ணு நேராயிட்டா கனம் திரும்பி வந்துருமே. அதுவும் இப்ப இருக்குற மூட்ட, அது மூட்டையா, வீடுல்ல."

"அண்ணே, டாக்டரம்மா மூடச் சொன்னது நல்ல கண்ண."

"அதான் எங்களுக்கும் புரியல. நொண்டிக் காலுக்குத்தான கட்டுப் போடுவாக, நல்ல காலுக்கா போடுவாக?" என்றான் முறுக்குப் பிடிக்கிறவன்.

"ஆமா, படிச்சவுங்க எடம் மாத்திச் சொல்லியிருப்பாங்க" என்று சின்னாண்டி ஒட்டை வாங்கி, தானே பிள்ளையின் இடது கண்ணில் ஒட்டினான். அந்த நேரம் எதிரே மண்டியில், பிள்ளையின் இடது கண் வாசல் வழியாக விழுந்திருந்த இடத்தில், பாதி ஏற்றின லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது, மூட்டைகள் லேசாக இருந்த தைரியத்தில் தென்னைமர உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். இடது கண் மூடினது, அங்கே டமால் என்று சத்தம் கேட்டது, லாரி நாலு சக்கரமும் படுத்துக்கொண்டது, டிரைவர் ஓடி வந்து, "எவண்டா அவன், எவன் ஒட்டினான்?" என்று கத்தினான்.

பவுனுத்தாய் அவசரப்படவில்லை. ஒட்டைப் பிய்த்து, வலது கண்ணில் வைத்து, கட்டை விரலால் ஓரத்தை அழுத்தினாள், அதன் மேல் பட்டை வைத்த புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். கோபிகா சிணுங்கிக்கொண்டே, வேறு வழி இல்லாமல், முகாமில் கண்ணை மூடின அந்த ஒரு நொடியை விட்டால் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இடது கண்ணால் மட்டும் உலகத்தைப் பார்த்தாள்.

அப்போது பாருங்க, முன்னாலெல்லாம் ஓரக்கண்ணால் தற்செயலாக விழுந்த பார்வை இப்போது முழுப் பார்வையாக விழுந்ததே, அதில் பானை எழுந்தது, பானைக்குள் இருந்த கஞ்சி பானையை விட்டுத் தனியாக எழுந்தது, ஆட்டுக்குட்டி எழுந்து கூரையில் போய் நின்று கத்தியது, லோடுமேன்கள் எல்லாரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விட்டத்தில் தலை முட்ட மிதந்தார்கள், வீரபுத்திரன் விட்டத்தைக் கையால் அளந்து பார்த்து, "ஒட்டடை அடிக்கலாம் தாயி, எவ்வளவு ஒட்டடை" என்றார்.

"இன்னும் கூடுதலாவுல லேசாவுது" என்றான் சின்னாண்டி தலைகீழாக.

பவுனுத்தாய் அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றாள். "அதத்தான் சொல்ல வந்தேன். நல்ல கண்ணுல ஒட்டு இருக்குற மட்டும் இப்படித்தான். ஒட்டு கழண்டுச்சுன்னா போச்சு. ஒட்டக் காப்பாத்த வேண்டியது இனி உங்க பாடு."

அன்றிலிருந்து எருக்கலம்பேட்டையில் ஒட்டு நேரம் என்று ஒரு நேரம் வந்தது. பள்ளிக்கூட மணி மாதிரி மண்டியில் மணி அடிப்பார்கள், கோபிகாவுக்கு ஒட்டுப் போடுவார்கள், அந்த நேரத்துக்குள் அன்றைய லாரி முழுக்க ஏற்றிவிட வேண்டும். மூட்டையைத் தூக்குகிற வேலையே இல்லை, கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு போகிற வேலை, ஒரு லோடுமேன் கையில் கொத்தாகக் கயிறு, கயிற்று நுனியில் ஆளை விழுங்குகிற மூட்டைகள் பட்டம் மாதிரி ஆடும், காற்றுக் காலத்தில் முறுக்குப் பிடிக்கிறவனை மூட்டை பக்கத்து ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டது, பஸ்ஸில் திரும்பி வந்தான். நாய்கள் மிதந்தன. தெருவில் நடக்கிறவர்கள் மடியில் ஒரு செங்கல் வைத்துக்கொண்டார்கள், கௌரவம் பார்க்கிறவர்கள் செங்கல்லுக்குத் துணி உறை தைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பிள்ளை பிள்ளைதானே, ஒட்டுப் போட்டால் அரிக்கும், மங்கலாகத் தெரியும், கோபம் வரும், பிய்த்து எறியும். பிய்த்தால் அந்தரத்தில் இருக்கிற மூட்டை யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் லோடுமேன்கள் அத்தனை பேரும் ஒட்டுக்குக் காவல். "பாப்பா, கைய எடு, மாமா தலையப் பாரு, மாமாவுக்குப் பொண்ணு பாத்திருக்காங்கடி." "போட மாட்டேன். உங்களுக்கு மட்டும் ஏன் ஒட்டு இல்ல?" அதுவும் நியாயம்தானே. மறுநாள் வீரபுத்திரன் ஒரு கண்ணில் ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அடுத்தநாள் எல்லாருமே. ஒற்றைக்கண் லோடுமேன்கள் ஒருத்தரோடு ஒருத்தர் முட்டி, ஒரே கயிற்றை இரண்டு பேர் பிடித்து, லாரிக்குப் பதில் டீக்கடைக்குள் மூட்டையை இறக்கி, கோபிகா விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்த சிரிப்பில் ஒட்டை மறந்தாள். சும்மா உட்கார்ந்தால் பிய்ப்பாள் என்று அரிசியில் கல் பொறுக்கக் கொடுத்தார்கள், படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுத்தார்கள், மீசை நரைத்த ஆட்கள் அவளோடு பல்லாங்குழி ஆடித் தோற்றார்கள். கிட்டத்து வேலை கொடுத்தால் கண் சீக்கிரம் விழிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது பவுனுத்தாய்க்கு மட்டும்தான் தெரியும். 

தேதி தவறாமல் டாக்டரம்மாவிடம் போனாள். சுவரில் மாட்டின படத்தில் முதல் தடவை பெரிய உருவம் மட்டும் தெரிந்தது. அடுத்த தடவை அதற்குக் கீழ்வரிசை. அப்புறம் இன்னும் கீழ்வரிசை. கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் பார்க்கத் தொடங்கின. அப்படி ஒரு வரிசை கூடின அன்று, சாயங்காலம் அடுப்படியில், பவுனுத்தாய் கையில் இருந்த டம்ளரைக் கோபிகா ஒட்டோடு பார்த்தாள். டம்ளர் முன்னே மாதிரி விட்டத்துக்கு எழவில்லை. ஒரு முழம் எழுந்து ஆடியது, அவ்வளவுதான்.

பவுனுத்தாய்க்கு விளங்கிவிட்டது. பார்வை ஒரு படி ஏறினால் லேசு ஒரு படி இறங்குகிறது. இன்னும் கொஞ்ச நாளில் லோடுமேன் முதுகுக்கு இது தெரியும், தெரிந்த அன்று ஒட்டுக்குக் காவல் நிற்கிற அதே கை ஒட்டைப் பிய்க்கும். பாதியில் விட்டால் கண் திரும்பத் தூங்கிவிடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் பிள்ளை வயது ஏறிப்போகும், அதற்கு மேல் எழுப்ப முடியாது.

அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் மரத்தடியில் உட்கார்ந்து, சாக்கின் வாய் மடிப்பில் ஒரு விரல் உள்ளே தள்ளித் தைத்தாள். அடுத்த வாரம் அடி மடிப்பில் ஒரு விரல். அதற்கடுத்து பக்கவாட்டில். கண் எவ்வளவு விழித்ததோ அவ்வளவு சாக்குச் சுருங்கியது, டம்ளரை வைத்துப் பார்ப்பாள், ஊசியை எடுப்பாள், கனம் ஒரு பக்கம் வர, வெங்காயம் ஒரு பக்கம் குறைய, லோடுமேன் தோளுக்கு நேற்றைய கனத்துக்கும் இன்றைய கனத்துக்கும் வித்தியாசம் தெரியாது. முன்னே பட்டமாகப் பறந்தது இடுப்புயரம் மிதந்தது, இடுப்புயரம் மிதந்தது தரையைத் தொட்டது, "காத்து இல்ல போல" என்று சொல்லிவிட்டு அவர்கள் கயிற்றை விட்டுத் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

சின்னாண்டிக்கு மட்டும் ஒருநாள் சந்தேகம். "ஏய் பவுனு, முன்னெல்லாம் மூட்ட என் கழுத்துக்கு நிக்கும், இப்ப தொடைக்கு நிக்குது?"

"நீங்க வளந்திருப்பீங்க."

"இந்த வயசுலயா?"

"சத்தான கஞ்சி குடிக்கிறீங்கள்ல."

அவன் கதவு நிலையில் நின்று தன் உயரத்தைக் கரியால் கோடு போட்டு வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனான்.

கண்டுபிடித்தது அரசப்பன். அதே வெங்காயம், அதே லாரி, ஆனால் மூட்டை எண்ணிக்கையும் கூலியும் ஏன் இவ்வளவு பெருகிப்போனது என்று தலையைச் சொறிந்துகொண்டே இருந்தவருக்கு, சரக்கு வைக்கிற கிட்டங்கியைப் பெருக்கச் சொன்னபோது, தரை ஈரத்துக்கு விரித்துப் போட்டிருந்த ஒரு பழைய சாக்கு கைக்கு வந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில், எல்லாரும் பார்க்க, புதுச் சாக்குக்குப் பக்கத்தில் விரித்தார். அப்பனுக்குப் பக்கத்தில் பிள்ளையைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது.

"பாருங்கடா இவ செஞ்ச வேலைய" என்றார். தராசில் ஒரு மூட்டையை வைத்து, கோபிகாவைத் தூக்கி அதற்கு முன்னால் நிறுத்தி, படுதாவையும் விலக்கினார். பிள்ளை ஒட்டுக்கு மேல் போட்ட கண்ணாடியோடு தராசை நன்றாக உற்றுப் பார்த்தது. முள் அசையவில்லை. 

வீரபுத்திரன் மெதுவாக வந்து ஒரு புது மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். இறக்கினார். திரும்பத் தூக்கினார். "தாயி, அப்ப இப்ப நாங்க தூக்குறது?"

"நெசக் கனம்ணே."

"எப்பலேர்ந்து?"

"போன அறுப்புலேர்ந்து."

"புள்ளதான் பாத்துக்கிட்டு இருந்துச்சே?"

"அவ சும்மா பாக்குறா."

லோடுமேன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், ஒற்றைக் கண்ணால்தான், ஒட்டைக் கழற்ற மறந்திருந்தார்கள். அப்புறம் வீரபுத்திரனுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது, தொந்தி குலுங்கியது, அது அடுத்த ஆளுக்குத் தொற்றி, அவனிடமிருந்து முறுக்குப் பிடிக்கிறவனுக்குத் தொற்றி, டீக்கடைவரை போய், தங்கள் முதுகு ஒரு அறுப்புக் காலம் முழுக்க நிஜ மூட்டை தூக்கியும் வலிக்கவில்லை என்பதை அவர்கள் ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டித் தட்டிச் சரிபார்த்தார்கள்.

"சிரிங்கடா, நல்லாச் சிரிங்க" என்றார் அரசப்பன். "ஊரு அதிர்ஷ்டத்த ஒட்டுப் போட்டு மூடிட்டா, ஒங்களுக்குச் சிரிப்பு. கழட்டுங்க அந்த ஒட்ட. கண்ணாடியையும் கழட்டுங்க. கொஞ்ச நாள் சும்மா விட்டா பழையபடி கோணிக்கும், கனம் போயிரும். அப்படி என்ன தெரிஞ்சு போச்சு அந்தக் கண்ணுல இப்ப?"

அவர் கிட்டங்கிப் படியில் நின்றிருந்தார். கோபிகா தராசடியில் நின்றிருந்தாள். நல்ல கண்ணில் ஒட்டு. இடது கண்ணால் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"மொதலாளி மாமா, உங்க காதுல முடி இருக்கு."

அரசப்பன் காதைத் தொட்டார்.

"அந்தக் காது இல்ல. இந்தப் பக்கத்துக் காது. அதுல ஒரு முடி வெள்ள. அது மேல எறும்பு ஒண்ணு உள்ள போவுது."

அரசப்பன் காதைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார், இந்தத் தடவை ஆளைத் தூக்கியது கண் இல்லை, எறும்புதான். மண்டி சிரித்த சிரிப்பில் வெங்காயச் சருகெல்லாம் பறந்தது. பவுனுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை, முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை, உள்ளூர் அழுகைதானே என்று விட்டுவிட்டார்கள்.

வீரபுத்திரன் கோபிகாவிடம் போய்க் குனிந்து, வியர்வையில் கிளம்பியிருந்த ஒட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திவிட்டார். "டாக்டரம்மா போதும்னு சொல்ற மட்டும் இது இங்கதான் இருக்கும் மொதலாளி. எங்களுக்கு லேசு வேண்டாம், இந்த மூட்டையே போதும்."

"அப்படியா? அப்ப இதையும் கேட்டுக்க." அரசப்பன் பழைய சாக்கைச் சுருட்டிப் பவுனுத்தாய் மடியில் எறிந்தார். "நாளையிலேர்ந்து இந்த அளவுதான். ஒரு விரல் கொறைஞ்சாலும் உனக்கு இங்க வேல இல்ல. மாதிரிக்கு இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, பத்திரமா வச்சுத் தையி."

"சரிங்க மொதலாளி" என்றாள் பவுனுத்தாய், சாக்கை மடியில் விரித்தாள், சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள், கத்தரியை எடுத்தாள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அதை நடுவில் குறுக்கே வெட்டினாள்.